பெங்களூரின் கழிவு நீர் போகும் வழி



பெங்களூரில் வாழும் நாம் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. குழாயில் எத்தனை மணிக்கு வந்தது, லாரிக்கு எவ்வளவு கொடுத்தோம், அடுத்த தெருவின் ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். வந்த தண்ணீரைப் பயன்படுத்திக் கழித்த பிறகு அது எங்கே போகிறது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. சாக்கடைக் குழாயின் வாய்க்குள் மறைந்ததும் நம் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த நீர் போய்ச் சேரும் இடங்களைப் படத்தில் விரல் வைத்துத் தேடினால், அவற்றுள் பல நம் உற்றார் உறவினர் பயிர் செய்யும் ஊர்களாகவே இருக்கின்றன. ஆகையால் இன்று அந்த வழியைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகின்மேல் அமைந்த நகரம் பெங்களூர். பக்கத்தில் பேராறு எதுவும் இல்லை. முன்னோர் வெட்டிய ஏரிகளும், பின்னர் ஹெசரகட்டா ஏரியும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் நகரத்தின் தாகத்தைத் தீர்த்து வந்தன. 1974 முதல் காவிரி நீர் வருகிறது. தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு, பெரும் பம்புகள் இரவு பகலாக அதை ஏற்றித் தருகின்றன. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 145 கோடி லிட்டராக இருந்த காவிரித் திட்டங்களின் திறனோடு இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. வீட்டுக்கு வரும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியியலாளர் கணக்கு. அப்படியானால் காவிரி நீர் மட்டுமே முழு அளவில் வரும் நாளில் 175 கோடி லிட்டருக்கு மேற்பட்ட சாக்கடையாக மாறுகிறது. ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் இதற்கு மேல்.

மேட்டின்மேல் இருக்கும் ஊராதலால் இந்த நீர் இரு பக்கமும் சரிந்து ஓடுகிறது. மேற்குச் சரிவின் கழிவுகளை விருஷபாவதி ஏந்திக்கொள்கிறது. பிடதிக்கு அருகே பைரமங்கலா ஏரியில் தங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமம் என்னும் இடத்தில் காவிரியை அடைகிறது. அதற்கு அப்பால் மேகதாட்டு. அதற்கும் அப்பால் நம் மேட்டூர். கிழக்கே கோரமங்களா, சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர் ஏரியிலும் வர்த்தூர் ஏரியிலும் விழுந்து தட்சிண பினாகினியைச் சேர்கிறது. தட்சிண பினாகினி என்று கன்னடத்தார் அழைக்கும் ஆறுதான் நம் தென்பெண்ணை. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று கடந்து கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. அல்சூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஊற்றிய நீர், ஓசூர் வட்டத்தில் ஒரு கத்தரிக்காய்ப் பாத்தியில் பாய்வதற்கு வழி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

பெல்லந்தூர் ஏரியின் கதையை நேயர்கள் அறிவார்கள். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி 2015இலும், 2017இலும், 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் எரிவதா என்று உலகமே வியந்தது. அதன் கால்வாய்களில் வெண்ணுரை ஆளுயரத்துக்கு எழும்பிச் சாலையில் பறந்தது. சுத்தம் செய்யப்படாத சாக்கடையும் சோப்புப் பொருள்களும் ஏரியின் அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருக்கின்றன. மழை வெள்ளம் வந்து சேற்றைக் கலக்கும்போது அவை மேலெழும்பி, நீர் விழும் இடத்தில் நுரையாகப் பொங்குகின்றன. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலும் அதே நுரை பொங்கும் செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். மாநில எல்லை மனிதர்களுக்குத்தான். நுரைக்கு அது தெரியாது.

இனி, இந்த நீரைச் சுத்தம் செய்யும் வித்தையைப் பார்ப்போம். சாக்கடை நீரில் ஆயிரம் பங்குக்கு ஒரு பங்குகூடக் கசடு இல்லை. மற்றதெல்லாம் நல்ல தண்ணீரே. அந்தச் சிறு பங்கு அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. பிராணவாயு தீர்ந்த நீரில் மீன் சாகிறது, நாற்றம் எழுகிறது. இக்கசட்டை அகற்றுவதற்கு இன்று உலகமெங்கும் மிகுதியாக வழங்கும் முறை ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ என்பது. நாம் அதை உயிர்ச்சேறு என்று சொல்லலாம். அந்த முறைக்கும் பெங்களூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பலரும் மறந்துவிட்ட உறவாதலால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் கில்பர்ட் பௌலர் என்னும் ரசாயன அறிஞர் இருந்தார். 1912இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் பரிசோதனை நிலையத்தைக் கண்டு திரும்பிய அவர், அங்கே கண்டதைத் தம் சகாக்களான ஆர்டர்ன், லாக்கெட் இருவரிடமும் கூறி, சாக்கடை நீருக்குள் காற்றை ஊதிப் பார்க்குமாறு யோசனை சொன்னார். அவர்கள் கண்ணாடிப் புட்டிகளில் சாக்கடை நீரை நிரப்பிக் காற்றை ஊதினார்கள். நீர் முற்றும் தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. மேல் நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்பு நிறச் சேற்றை வைத்துக்கொண்டு புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். இம்முறை விரைவில் தெளிந்தது. அவ்வாறே திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. உறைமோர் வைத்துத் தயிர் தோய்ப்பதை நம் வீடுகளில் தினமும் காண்கிறோம் அல்லவா? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலைத் தோய்க்கிறது. அதுபோல நேற்றைய சேறு இன்றைய சாக்கடையைத் தெளிவிக்கிறது. 1914 ஏப்ரலில் ஆர்டர்னும் லாக்கெட்டும் இதனை அறிவித்தனர்.

இரண்டே ஆண்டுகளில், அதாவது 1916இல், அந்தப் பௌலர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கே உயிர் ரசாயனத் துறை வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சாக்கடையை ஒழிக்க வேண்டிய அசுத்தமாக மட்டும் அவர் கருதவில்லை. அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய செல்வம் என்பது அவருடைய கொள்கை.

அவருக்குப் பிறகு அதே துறையில் ஆராய்ந்த வி. சுப்பிரமணியனும் எஸ். சி. பிள்ளையும், சேற்றில் நீரைத் தெளிவிப்பது பாக்டீரியா மட்டும்தானா என்ற கேள்வியை எழுப்பினார்கள். நுண்பெருக்கியில் அந்தச் சேற்றைப் பார்த்தால், மெல்லிய காம்பின் நுனியில் சிறு மணியைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற உயிர்கள் தென்படும். எபிஸ்டைலிஸ், வோர்டிசெல்லா என்று அவற்றுக்குப் பெயர். மணியின் விளிம்பில் உள்ள நுண்மயிர்களை அசைத்து நீரில் சுழல் உண்டாக்கி, மிதக்கும் பாக்டீரியாக்களை இழுத்து விழுங்குகின்றன. நீர் கண்ணாடி போல் தெளிவதற்கு இந்த ஓரணு உயிர்களே முக்கியக் காரணம் என்று அவ்விருவரும் 1942இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு மேல்நாட்டார் செய்த பரிசோதனைகளும் அவற்றின் பங்கை உறுதிப்படுத்தின. சுப்பிரமணியன் பின்னாளில், 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். உணவையும் கழிவையும் ஒருவரே ஆராய்ந்தது விந்தையன்று. இரண்டும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கங்கள்தாம்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. நேயர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சாக்கடை நீரில் ஒரு சிறு கோப்பையளவு, அதாவது 100 மில்லி லிட்டரில், மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியா ஒரு கோடி இருப்பது சாதாரணம். நல்ல சுத்திகரிப்பு நிலையம் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அகற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 99 வாங்கிய பிள்ளையை நாம் மெச்சுவோம். இங்கே மீதி எவ்வளவு? ஒரு லட்சம்! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் வகுத்த வரம்பு 230. ஒரு லட்சத்திலிருந்து 230க்கு இறக்கும் அந்தக் கடைசி வேலைக்குத்தான் கிருமி நீக்கம் என்று பெயர்.

கிருமி நீக்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிளீச்சிங் பவுடர். குளோரின் மலிவானது, காலராவையும் டைபாய்டையும் அடக்கியதில் அதன் பங்கு மிகப் பெரிது. குடிநீரில் அதற்கு ஈடாக எளிதில் வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனால் சரியாகச் சுத்தம் செய்யப்படாத சாக்கடையில் அதைக் கொட்டுவது, ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போலத்தான். கிருமியைத் தொடுமுன்பே அங்கிருக்கும் அம்மோனியாவும் கசடும் குளோரினைப் பிடித்துக்கொள்கின்றன. மேலும் மேலும் கொட்ட வேண்டியிருக்கிறது. கசட்டோடு கூடிய குளோரின், டிரைஹாலோமீத்தேன் போன்ற தீய பொருள்களை உண்டாக்குகிறது. எஞ்சிய குளோரின் ஏரிக்குப் போனால் மிகச் சிறு அளவிலேயே மீன்களைக் கொல்லும். நீர் முதலில் தெளிய வேண்டும். பிறகு அளவறிந்து சேர்த்த குளோரினோடு அரை மணி நேரமேனும் ஒரு தொட்டியில் நிற்க வேண்டும். பல இடங்களில் இந்த நிற்கும் தொட்டியே கட்டப்படுவதில்லை. மருந்து சொட்டும் குழாயைக் காட்டி, கிருமி நீக்கம் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

மற்றொரு முறை புற ஊதாக் கதிர். ஒரு குழல் விளக்கைச் சுற்றி நீர் ஓடும்போது, அக்கதிர் கிருமியின் உட்கருப் பொருளைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். நீரில் எந்த மருந்தும் தங்காது, மீனுக்குத் தீங்கில்லை. ஆயினும் நீர் கலங்கலாயிருந்தால் கதிர் ஊடுருவாது. ஒவ்வொரு கசட்டுத் துணுக்கின் நிழலிலும் கிருமி ஒளிந்துகொள்ளும். விளக்கின் கண்ணாடி உறையில் படியும் உப்பைத் துடைக்காவிட்டால், விளக்கு எரியும், வேலை நடக்காது. ஓசோன் என்னும் வாயுவும் உண்டு, செலவு மிகுந்தது.

செலவில்லாத கிருமி நாசினி வானத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மிகாத குளங்களில் சுத்திகரித்த நீரைச் சில நாள் வெயிலில் நிறுத்தினால், சூரிய ஒளியும் பாசியும் சேர்ந்து கிருமிகளைக் கொல்கின்றன. பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சிப் பிராணவாயுவை விடுகிறது. நீரின் காரத்தன்மை ஏறுகிறது. குடலில் வாழப் பழகிய பாக்டீரியாவுக்கு ஒளியும் காரமும் பிராணவாயுவும் சேர்ந்த இடம் நரகம். இதைவிடவும் சிறந்த குணம் ஒன்று இக்குளங்களுக்கு உண்டு. நாக்குப்பூச்சி முதலிய குடற்புழுக்களின் முட்டை தடித்த ஓடு உடையது. வழக்கமான அளவுக் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எட்டுப் பத்து நாள் அசையாத நீரில் அது அடியில் படிந்துவிடும். பாசனத்துக்கு விடும் கழிவு நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே கூறியது. வெறுங்காலோடு சேற்றில் நாற்று நடும் பெண்களை எண்ணினால் அந்த விதியின் அருமை விளங்கும்.

குளத்துக்கு இடம் வேண்டும். பெங்களூரில் நிலத்தின் விலையை நாம் சொல்லத் தேவையில்லை. இங்கேதான் பழைய ஏரிகள் கை கொடுக்கின்றன. நகரத்தின் வடக்கே ஜக்கூரில் சுமார் 160 ஏக்கர் ஏரி ஒன்று இருக்கிறது. அதன் தலைமாட்டில் சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழாமல், சம்பு முதலிய நீர்த்தாவரங்கள் அடர்ந்த ஈர நிலத்தின் ஊடே மெல்ல நகர்ந்து, பிறகே ஏரியைச் சேருமாறு அமைத்தார்கள். நிலையம் கசட்டை எடுக்கிறது. தாவரங்களின் வேர்ப்பிடிப்பு மிச்சத்தை வடிகட்டுகிறது. ஏரியின் பரப்பு வெயிலில் காய்கிறது. மீன் வளர்ந்தது, பறவைகள் வந்தன, சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற்று ஏறியது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: தாவரங்களைக் காலத்தில் அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுக்காமல் விட்டால் அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும். ஓரத்தில் எங்கேனும் சுத்தம் செய்யாத ஓடை ஒன்று வந்து புகுந்தாலும் முழு ஏற்பாடும் வீண். கல்கத்தாவில் வாழும் நேயர்கள் அந்நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் கழிவு நீரில் மீன் வளர்க்கும் ஈரநிலங்களைக் கண்டிருப்பார்கள். ஜக்கூர் அதன் சிறு தங்கை என்று சொல்லலாம்.

பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களுக்கும் வழி இருக்கிறது. கெங்கேரிக்கு அருகே பீடித் தொழிலாளர் குடியிருப்பின் கழிவு நீரை, மின்சாரம் இன்றியே, சரிவின் வேகத்தில் தடுப்பறைகள் வழியாகவும் செடிகள் நட்ட சரளைப் படுகை வழியாகவும் செலுத்தித் தெளிய வைத்துக் காட்டினார்கள். தேவனஹள்ளியில் 2015இல், வீட்டு மலக்குழிகளிலிருந்து வண்டி உறிஞ்சி வரும் கசட்டைப் பதப்படுத்தும் நிலையம் ஏற்பட்டது. உலர்ந்த கசட்டை ஊரின் மட்கும் குப்பையோடு சேர்த்து எருவாக்கினார்கள். எருக்குவியலின் உட்சூடு புழு முட்டைகளையும் கொன்றுவிடும்.

இப்பொழுது கோலாருக்குப் போவோம். தங்க வயலால் கோலார் நமக்கு அந்நிய ஊர் அன்று. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சுரங்கத்தில் இறங்கி உழைத்த மாவட்டம் அது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத பூமி. ஏரிகள் நிரம்பாமல், ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டன. அந்த வறண்ட ஏரிகளுக்கு, கோரமங்களா, சல்லகட்டாப் பள்ளத்தாக்கில் சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை அனுப்பும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டு, 2018 ஜூனில் முதல் நீர் லட்சுமிசாகர ஏரியை அடைந்தது. ஜூலையிலேயே அங்கே நுரை தென்பட்டது! வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும், பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. சிறிது காலம் நின்ற நீர் 2019இல் மீண்டும் பாய்ந்தது. ஏரிக்குப் பின் ஏரியாக நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் திட்டத்தில் சேர்ந்தன. கிணறுகளில் நீர் ஏறிற்று. கைவிட்ட நிலங்களில் மறுபடியும் பயிர் தலை காட்டிற்று.

இது நன்மையா, தீமையா? அங்கு அனுப்பப்பட்டது இரண்டாம் படி சுத்திகரிப்பு முடிந்த நீர். மூன்றாம் படியும் வேண்டும் என்பது எதிர்ப்பாளர் வாதம். ஏரியிலிருந்து நேராக இறைக்கக் கூடாது, மண்ணில் ஊறிக் கிணற்றுக்கு வந்ததையே எடுக்க வேண்டும் என்பது திட்டத்தார் வகுத்த ஏற்பாடு. மண்ணடுக்கு ஒரு சிறந்த வடிகட்டி என்பதில் ஐயம் இல்லை. கிருமிகள் பெரும்பாலும் அதில் தங்கிவிடும். ஆனால் நைட்ரேட் தங்காது. அது நீரோடு சேர்ந்து இறங்கும். கோலாரின் பாறை பிளவு நிறைந்தது. பிளவுகளின் வழியே ஓடும் நீரை மண் வடிகட்டுவதில்லை. கிராமத்தார் அதே கிணறுகளிலிருந்து குடிக்கவும் செய்கிறார்கள். ஆதலால் நம் கருத்து இதுதான்: நீரை நிறுத்த வேண்டும் என்பது வறண்ட நிலத்தைக் கண்டறியாதவர் பேச்சு, சோதனையின்றி அனுப்பலாம் என்பது அந்தக் கிணற்றில் குடிக்காதவர் பேச்சு. பாசிப் பருவத்திலும் மழைப் பருவத்திலும் கிணறு கிணறாக நீரைச் சோதித்து, முடிவைக் கன்னடத்தில் எழுதி அந்தந்தப் பஞ்சாயத்து அலுவலக வாயிலில் ஒட்ட வேண்டும். குடிக்கும் கிணறுகளுக்குத் தனியே குளோரின் சேர்க்க வேண்டும். 44 கோடி லிட்டரைத் தள்ளும் பம்புகளின் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம்.

பீண்யா போன்ற தொழிற்பேட்டைகளின் ரசாயனக் கழிவு தனிப் பிரச்சினை. உலோகத்தை எந்த உயிர்ச்சேறும் தின்னாது. அதை ஆலைக்குள்ளேயே பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு மேல் அதை இங்கே விரிக்கவில்லை.

நேயர்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கிறீர்கள். பெரிய குடியிருப்புகள் தம் கழிவு நீரைத் தாமே சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதியால், நகரமெங்கும் நிலவறைகளில் ஆயிரக்கணக்கான சிறு நிலையங்கள் இருக்கின்றன. நாம் நேரடியாகக் கை வைக்கக் கூடியது இங்கேதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், அதில் சுமார் 45 லிட்டர் மலக்கூடத்தில் கொட்டுவதற்கே போகிறது. காவிரியை அரை கிலோமீட்டர் உயரம் தூக்கி வந்து அதற்குப் பயன்படுத்துவானேன்? சுத்திகரித்த நீரைத் தனிக் குழாயில் கொண்டுவந்து அவ்வேலைக்குக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 2024 மார்ச்சில், கடுமையான தட்டுப்பாட்டின்போது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்துவதை நீர் வாரியம் தடுத்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. சுத்திகரித்த நீரின் அருமையைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

இந்த நிலையங்கள் பெரும்பாலும் கெடுவது இயந்திரக் கோளாற்றால் அன்று, சிக்கனத்தால். மின்கட்டணத்தைக் குறைக்க இரவில் காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். மணியுருவ உயிர்களைப் பற்றிச் சொன்னோமே, அவை காற்று இல்லாமல் நலிந்துவிடும். மறுபடியும் அவை பெருகி நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். மலக்கூடங்களில் அமிலத்தையும் பினாயிலையும் தாராளமாக ஊற்றுவதும் அவற்றுக்கு நஞ்சு. சமையலறை எண்ணெயை ஊற்றுவது மூச்சைத் திணற வைப்பதற்குச் சமானம்.

நிலையம் நன்றாக இருக்கிறதா என்று அறிய ரசாயன சாலைக்குப் போக வேண்டுவதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தன்று, காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து மேசைமேல் வையுங்கள். அரை மணி நேரத்தில் சேறு கட்டியாகத் திரண்டு கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கி, மேலே தெளிந்த நீர் நிற்குமானால் நிலையம் உயிரோடு இருக்கிறது. சேற்றின் நிறம் கபில நிறமாகவும், வாசனை மழை பெய்த மண்ணைப் போலவும் இருக்க வேண்டும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. ஒன்றும் படியாமல் கலங்கலாகவே நின்றால், பின்னால் எவ்வளவு குளோரினைக் கொட்டினாலும் பயன் இல்லை. ஹைப்போகுளோரைட் கரைசலை வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சூட்டில் அதன் வீரியம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இந்த நிலவறைத் தொட்டிகளில் எழும் வாயு, உள்ளே இறங்கியவரை இரண்டு மூச்சுக்குள் வீழ்த்திவிடும். தூக்கி எடுக்க இறங்கியவரும் அங்கேயே விழுவார். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இப்படி மாண்டவர்கள் பலர். தினக்கூலிக்கு வந்தவர்களே மிகுதி. பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சங்கத்தார் இருந்துவிடலாகாது. அந்தத் தொட்டி அவர்களுடையது. அடைப்பு ஏற்பட்டால் உறிஞ்சு வண்டியை வரவழைக்க வேண்டும். பம்பு பழுதானால் ஆள் இறங்கி அவிழ்க்க வேண்டியிராதபடி, வழிகாட்டிக் கம்பியிலும் சங்கிலியிலும் மாட்டி மேலிருந்தே தூக்கும் அமைப்பைப் பொருத்திக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவைக் குடியிருப்பு வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து அடுத்த கூட்டத்தில் முன்வைத்துப் பாருங்கள்.